விரல் கோர்த்துக் காட்டியவர்

காதில் மாட்டியிருந்த கருவியில் என் வீட்டு மொழி கேட்டதும் கையிலிருந்த ரொட்டியை மேசையில் வைத்துவிட்டேன். மதிய நேரம். நெதர்லாந்தின் இந்த ரைஸ்வைக்கில் மதியச் சாப்பாடு என்றால் இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சீஸ் துண்டு. அதைத் திரையைப் பார்த்துக்கொண்டே தின்று முடிப்பது இங்கே யாருக்கும் வித்தியாசமாகப் படாது. திரையில் ஒரு சின்ன மண்டபம், வரிசையாகப் போட்ட மர நாற்காலிகள், அங்கங்கே ஏழு தலைகள். முன்னால் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்ட ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வந்ததுக்கு நன்றி. இன்னிக்கு டிவில ஐஸ் ஹாக்கி இருக்குன்னு எனக்கும் தெரியும்" என்றார். யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகுதான் தெரிந்தது, அந்த வாரத்தில் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவர் பெயர் லோவ்ரோ வுட்டே. அவருடைய விண்ணப்பம்தான் என் மேசையில் இருந்தது. காப்புரிமை அலுவலகத்தில் என் வேலை அதுதான். ஒருவர் தான் கண்டுபிடித்ததாகச் சொல்லும் பொருள் உண்மையிலேயே புதியதா என்று உலகம் முழுக்கத் தேடிப் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து இன்னும் சோதனைக் காலம் முடியவில்லை. எதையாவது தவறவிட்டுவிட்டேனோ என்ற நினைப்போடுதான் காலையில் கண் விழிப்பேன். அதனால் எல்லாரும் தேடும் இடங்களில் தேடி முடித்த பிறகும் நிறுத்தமாட்டேன். அன்றைக்கு ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. சும்மா ஒரு ஆசைக்கு எங்கள் ஸ்லோவீனிய மொழியில் 'கார்பன் குழாய் அடுக்குகள்' என்று தட்டிப் பார்த்தேன். ஆஸ்திரியாவின் தெற்கு எல்லையில் எங்கள் மொழி பேசும் கிராமங்கள் சில உண்டு. அதில் ஒரு கிராமத்துப் பண்பாட்டுச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் இந்தக் காணொளி கிடந்தது.

லோவ்ரோ செய்திருந்தது இதுதான். கார்பனால் ஆன நுண்குழாய்கள், தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெலிந்தவை. அவற்றை ஒரு தகட்டின் மேல் புல்வெளிபோல நெருக்கமாக நிற்க வைத்து வளர்க்கலாம். குழாய் நெடுக வெப்பம் பறக்கும், செம்புக் கம்பியெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் ஒரு அடுக்கின் மேல் இன்னொரு அடுக்கை வைத்தால் போயிற்று. நுனியும் நுனியும் பட்டும் படாமலும் இருக்கும், அந்த இடைவெளியில் வெப்பம் தேங்கி நின்றுவிடும். பெரிய ஆய்வுக்கூடங்கள் பசை போட்டுப் பார்த்தன, உலோகம் ஊற்றிப் பார்த்தன. லோவ்ரோ தன் வீட்டு மாட்டுத் தொழுவத்தை ஆய்வுக்கூடமாக்கி, தனியாளாக, ஒரு அடுக்கின் நுனிகளை இன்னொரு அடுக்கின் குழாய்களுக்கு நடுவே நுழைய வைத்திருந்தார். அது மட்டும்தான் புதுமை. மற்றதெல்லாம் ஊரறிந்தது.

காணொளியில் அவர், நுனிகள் நடுவே நுழைவதைத் தவிர, எல்லாவற்றையும் சொன்னார். தகட்டை எப்படிச் சூடாக்குவது, சூடாக இருக்கும்போதே எவ்வளவு மெதுவாக அழுத்துவது என்று, கேட்பவர்கள் நாளைக்கே தொழுவத்தில் செய்து பார்க்கப் போகிறார்கள் என்பதுபோலப் பொறுமையாகச் சொன்னார். பின்வரிசையில் இருந்து ஒருவர், "லோவ்ரோ, இதுல சாசேஜ் வாட்டலாமா?" என்றார். "தாராளமா. ஒரு சாசேஜுக்கு ஒரு காரை விக்கணும், பரவாயில்லையா?" கடைசியில் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி, "ஒண்ணுமேல ஒண்ணு வெச்சா வழுக்காதா?" என்று கேட்டார். லோவ்ரோ இரண்டு கைகளையும் தூக்கி, முதலில் விரல் நுனிகளை மட்டும் ஒன்றோடு ஒன்று தொட வைத்தார். தலையை ஆட்டினார், இது இல்லை என்று. பிறகு விரல்களைக் கோர்த்துக்கொண்டார். "இப்படி" என்றார். அவ்வளவுதான். கைதட்டல், நாற்காலிகள் நகரும் சத்தம்.

அந்தக் கூட்டம் நடந்து இரண்டு வாரம் கழித்துத்தான் அவர் விண்ணப்பம் போட்டிருந்தார். எங்கள் சட்டத்தில் இதற்குச் சலுகை கிடையாது. விண்ணப்பத்துக்கு முன்னால் எந்த ஊரில், எந்த மொழியில், எத்தனை பேர் முன்னால் சொல்லியிருந்தாலும், சொன்னது அவரேயானாலும், அது பழையது, காப்புரிமை கிடைக்காது. ஏழு பேர் போதும். ஒருவரே போதும்.

நான் அதைக் கோப்பில் சேர்த்தேன். சேர்க்காமல் விட என்னால் முடியாது, அது என் வேலை. "எங்கேருந்துடி தோண்டி எடுத்த இதை?" என்றான் வௌட்டர். விண்ணப்பத்தைத் தீர்மானிக்கும் எங்கள் மூவர் குழுவில் இரண்டாம் ஆய்வாளன் அவன். டச்சுக்காரன், பக்கத்து அறை. "நானெல்லாம் ஏழு ஜென்மம் எடுத்தாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். பாவம் அந்த மனுஷன், உன் கையில போய் மாட்டணுமா?" அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். குழுவின் தலைவர் பிர்தே, டென்மார்க்காரர், என் மேலதிகாரிக்குப் பாராட்டி ஒரு வரி எழுதினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசும்போது அம்மாவிடம், வேலையில் பாராட்டினார்கள் என்று மட்டும் சொன்னேன். "சாப்பிடறியா ஒழுங்கா? முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள். "கேமரா அப்படிம்மா."

வேலைக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் அந்தக் காணொளியை. நான் நிறையத் தடவை பார்த்தேன். சாயங்காலம் அறைக்கு வந்து சூப் கொதிக்க வைக்கும்போது அதை ஓடவிடுவேன். வெளியே டிராம் வளைவில் கீச்சிடும், மாடிக்காரர் செருப்புச் சத்தம் கேட்கும். குடியேறி ஒரு வருஷத்துக்கு மேலாகியும் மாடிக்காரர் முகம் எனக்குத் தெரியாது. காணொளியில் யாரோ இருமுவார்கள், ஒருவர் இன்னொருவரிடம் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். எங்கள் ஊரில் சொல்கிற மாதிரியே, அதே இழுவையோடு. எந்த இடத்தில் சாசேஜ் கேள்வி வரும் என்று தெரிந்து, கரண்டியோடு திரும்பி நிற்பேன்.

லோவ்ரோவின் விண்ணப்பம் மீதான விசாரணை ஜூனில், இணையவழியாக. அதற்கு முந்தின நாள் நாங்கள் மூவரும் பேசினோம். வௌட்டர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "கை கோர்த்துக் காட்டினா என்ன அர்த்தம்? கெட்டியா ஒட்டிக்கும்னு கூட இருக்கலாம். எங்க அம்மா சாப்பிடறதுக்கு முன்னாடி தினம் கை கோர்க்கறா, அதுக்கெல்லாம் காப்புரிமை ஆராய்ச்சியா?" என்றான். பிர்தே சிரிக்கவில்லை. "முதல்ல நுனி தொட்டுக் காட்டி, அது இல்லன்னு சொல்லிட்டு அப்புறம் கோர்க்கறார். எனக்குத் தெளிவாத்தான் இருக்கு. நேஷா, நீ என்ன நெனைக்கற?"

"அவரைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாமே" என்றேன். மனசுக்குள் முடிவு பண்ணியிருந்தேன். கேமரா தூரத்தில் இருந்தது, விரல்கள் தெளிவில்லை, சொல்லில் ஒன்றும் இல்லை. சந்தேகம் இருந்தால் அது விண்ணப்பதாரருக்குச் சாதகம். மூவரில் இருவர் போதும். நானும் வௌட்டரும்.

மறுநாள் திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். கம்பளிச் சட்டைக்குப் பதில் லோவ்ரோ கோட்டுப் போட்டிருந்தார், கழுத்துக்குப் பெரிதாக இருந்தது. பின்னால் தொழுவத்துச் சுவர் தெரிந்தது. நேரில் பார்க்காத ஒருவரின் இருமலும் தோள் குலுக்கலும் எனக்கு மனப்பாடம். அவருக்கு நான் ஒரு கட்டத்துக்குள் தெரியும் பெயர். அவருடைய வழக்கறிஞர் ரைன்பிரெஹ்ட் வேறொரு ஊரிலிருந்து பேசினார், நன்றாகவே பேசினார். கிராட்ஸ் நகரத்தில் ஒரு மின்கல நிறுவனம் இந்த முறையை வாங்கி லோவ்ரோவையும் வேலைக்குச் சேர்க்கக் காத்திருப்பதாகவும், காப்புரிமை இல்லையென்றால் அவர்கள் வரமாட்டார்கள் என்றும் சொன்னார். அது எங்கள் முடிவுக்குச் சம்பந்தமில்லை என்று பிர்தே மென்மையாக ஞாபகப்படுத்தினார். "ஒரு கிராமத்து மண்டபத்துல ஒரு சைகை. அதைப் பார்த்து யாரும் எதையும் கத்துக்க முடியாது" என்று வழக்கறிஞர் முடித்தார்.

பிர்தே என்னைப் பார்த்தார். ஜெர்மனில் எழுதி வைத்திருந்த கேள்வியைப் படித்தேன். ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்துதான் எழுதியிருந்தேன். "வுட்டே சார், அந்தப் பெண்மணி வழுக்காதான்னு கேட்டாங்க. அடுக்கு நகராம கெட்டியா நிக்கும்னு பொதுவா காட்டறதுக்காகத்தான் கையைச் சேர்த்தீங்க, அப்படி எடுத்துக்கலாமா?"

'ஆமாம்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் விண்ணப்பம் பிழைத்துவிடும். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. வழக்கறிஞர் புரிந்துகொண்டார், அவர் தோள்கள் நிம்மதியாக இறங்கியதைப் பார்த்தேன். "ஆமாம், என் கட்சிக்காரர்..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் லோவ்ரோ முன்னால் குனிந்துவிட்டார். முகம் மலர்ந்திருந்தது. அந்த மண்டபத்தில் இருந்த அதே முகம்.

"இல்லை இல்லை. பொதுவா எல்லாம் இல்ல. அதேதான் காட்டினேன். இந்த நுனி அதுக்கு நடுவுல போகணும். அந்தம்மாவுக்குப் புரிஞ்சிடுச்சு! கூட்டம் முடிஞ்சு காபி ஊத்தும்போது எங்கிட்ட வந்து, ரெண்டு சீப்பை எதிரெதிரா சொருகின மாதிரின்னு சொன்னாங்க. ஸ்கூல் பஸ் ஓட்டினவங்க அவங்க. படிச்ச பசங்களுக்கே நான் எதையும் ரெண்டு தடவை சொல்லணும். என் மனைவி போனப்புறம் நான் சொன்னது ஒருத்தருக்குப் புரிஞ்சது அன்னிக்குத்தான்."

வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். லோவ்ரோ சிரித்தபடி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு மெதுவாகத்தான் புரிந்தது. கோர்த்துக் காட்டிய விரல்கள் அப்படியே திரைக்கு முன்னால் நின்றன. பிறகு அவரே பிரித்துக் கீழே இறக்கினார்.

நாங்கள் மூவரும் தனியாகப் பேச வேறு அறைக்கு மாறினோம். அதுவும் திரைதான். வௌட்டர் இரண்டு கையையும் விரித்தான். "அவரே சொல்லிட்டாரு. ஒருத்தங்க புரிஞ்சும்கிட்டாங்க. இனி நான் என்னத்த சொல்ல?" எப்போதும் ஏதாவது சேர்த்துச் சொல்பவன், அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டான்.

"நேஷா?" என்றார் பிர்தே.

நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே வேண்டாம். கேட்காமல் விட்டிருந்தால் சந்தேகம் சந்தேகமாகவே இருந்திருக்கும். "புதுசு இல்ல" என்றேன். என் குரல் எனக்கே தெளிவாகத்தான் கேட்டது.

பிர்தே முடிவை வாசித்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மேல்முறையீடு செய்யலாம். லோவ்ரோ தலையசைத்துக் கேட்டார், பள்ளிக்கூடத்தில் மார்க் வாசிக்கும்போது நிற்கிற பையன் மாதிரி. வழக்கறிஞர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். லோவ்ரோ போகவில்லை. என் கட்டத்துக்குக் கீழே இருந்த பெயரைக் குனிந்து படித்தார். நேஷா கோட்னிக். பிறகு எங்கள் மொழியில் பேசினார்.

"நம்ம ஊர்ப் பொண்ணா நீங்க? சங்கத்துப் பக்கத்துல அந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்தாங்கன்னு ஒரு நம்பர் வரும். ரொம்ப நாள் அது அசையவே இல்ல. போன குளிர்காலத்துலேர்ந்து தினம் சாயங்காலம் ஒண்ணு ஒண்ணா ஏறிச்சு. யாருக்கோ இதுல உசுரு இருக்குன்னு சங்கத்துல எல்லாரும் பேசினோம். கிராட்ஸ்காரங்கதான்னு நான் நெனச்சேன்."  குரலில் கோபம் இல்லை. "அது நீங்கதானா?"

"என்ன சொல்றார்? ஜெர்மன்லதான் பேசணும், குறிப்புல போடணும்" என்றார் பிர்தே.

வாயில் வந்து நின்றது எங்கள் மொழியின் ஒரே ஒரு சொல், 'ஆமா' என்பதற்கு எங்கள் வீட்டில் சொல்வது. அதற்குப் பின்னால் இன்னும் எவ்வளவோ வரிசையில் நின்றன. வேலைக்கு ஒரு தடவைதான் பார்த்தேன், மற்றதெல்லாம் வேலைக்கு இல்லை என்பது உட்பட. "விடைபெறுகிறார்" என்று ஜெர்மனில் சொன்னேன். பிர்தே அவருக்கு வணக்கம் சொல்லி விசாரணையை முடித்தார். கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் என் முகம் மட்டும் இருந்தது, அதையும் மூடினேன்.

சாயங்காலம் அறையில் சூப்பை அடுப்பில் வைத்தேன். ஜூன் மாதம், வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். மாடிக்காரர் நடந்தார், ஜன்னல் பக்கம் போனார், நின்றார். கணினியைத் திறந்ததும் சங்கத்தின் பக்கம் தானாகவே வந்தது, வழக்கமாக அதுதானே வரும். கீழே அந்த எண். நேற்று நான் விட்டுப்போன அதே எண். இனிமேல் அதில் ஒன்று கூடினால் யார் என்று அங்கே ஒருவருக்குத் தெரியும்.

சூப் பொங்கி அடுப்பில் வழிந்து கருகுகிற வாசனை வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. விரல் ஓடவிடும் பொத்தானுக்கு மேலே இருந்தது. திரையில், ஓடாமல் நிற்கும் அந்தப் படத்தில், சாம்பல் நிறச் சட்டைக்கு முன்னால் இரண்டு கைகள், நுனிகள் மட்டும் தொட்டபடி.