மூன்று மூட்டை நெல்லும் ஒரு விமானமும்

செங்குன்றத்தில் தொடங்கி ஆந்திர எல்லை வரைக்கும் உள்ள ரைஸ் மில்களில் பாதிக்கு மேல் தணிகாசலத்தின் எலிவேட்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது. நெல்லைக் கிண்ணம் கிண்ணமாக அள்ளி மாடிக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிற பெல்ட்டுக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். அதனால், 1973 ஐப்பசியில் ஒருநாள் கும்மிடிப்பூண்டிப் பட்டறை வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்த மனிதர், "விமானத்துக்கு ஒரு எலிவேட்டர் வேணும்" என்றதும், தணிகாசலம் நாற்காலியை விட்டு எழாமலே கேட்டார்.

"பிளேன்ல நெல்லு அரைக்கப் போறீங்களா சார்?"

மூலையில் வரைபலகைக்குப் பின்னால் நின்றிருந்த கோமளவல்லிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பென்சிலைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

அந்தப் பட்டறையில் படம் வரைகிறவள் அவள் ஒருத்திதான். வயது இருபத்தாறு. திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கர்யக் குடும்பம். வீட்டு ஆண்கள் எல்லோரும் விடியற்காலையில் கோயிலுக்குப் போக, இவள் மட்டும் டிப்ளமாவை முடித்துவிட்டு ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, இன்னொரு ரயில் மாறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆரம்பத்தில் தெருவே பேசியது. நாலு வருஷத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டது.

வந்தவர் பெயர் பராசரன். மீனம்பாக்கத்திலிருந்து போர்ட் பிளேருக்கு விமானம் விடுகிற ஒரு சின்னக் கம்பெனியின் எஞ்சினியர். வெளிநாட்டிலிருந்து பழைய விமானம் ஒன்று வாங்கியிருந்தார்கள். மேல்தட்டில் பயணிகள், அடித்தட்டில் சமையலறையும் தபால் மூட்டைகளும். பறக்கும்போதே சாப்பாட்டுப் பெட்டிகளை மேலே ஏற்ற அதில் ஒரு சின்ன லிஃப்ட் இருந்தது. எண்ணெய் அழுத்தத்தில் ஓடுவது. அது கசிந்து கசிந்து செத்துவிட்டது. புதிதாக வரவழைக்க அனுமதி கிடைப்பதற்குள் விமானமே துருப்பிடித்துவிடும் என்றார்.

"நூத்தம்பது கிலோ தூக்கணும். லிஃப்ட்டோட சொந்த எடை அறுபது கிலோவுக்கு மேல போகப்படாது. விமானம் மூக்கைத் தூக்கினாலும் சரி, தாழ்த்தினாலும் சரி, பத்து டிகிரி சாய்வுல நிக்காம ஓடணும். எது அறுந்தாலும் பாரம் கீழே விழப்படாது."

தணிகாசலம் தலையைச் சொறிந்தார். "நம்ம மெஷின்லாம் ஆடாம அசையாம நிக்கற கட்டடத்துல ஓடறது சார். இது பறக்கறதாச்சே. நமக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

"பெல்ட்டுல செய்யலாம் சார்" என்று வரைபலகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

பராசரன் அப்போதுதான் அங்கே ஒரு பெண் நிற்பதைக் கவனித்தார். "ஏன் பெல்ட்?" என்று கேட்டார்.

"சங்கிலின்னா கனம், கிரீஸ் வேற போடணும். சாப்பாடு போற வழி. கம்பிக்கயிறுன்னா பெரிய சக்கரம் வேணும், அதுக்கு இடம் இருக்காது. பட்டை பெல்ட் மெல்லிசு. சின்ன புல்லியிலேயே வளைஞ்சுக்கும்."

பராசரன் அவள் சொன்னதைச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு தணிகாசலத்தின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா..." என்றார்.

"நான் இன்னா சார் சொல்றது? அதான் அது சொல்லிடுச்சே" என்றார் தணிகாசலம். அன்றைக்கே வேலை ஆரம்பமாயிற்று.

கோமளவல்லி வரைந்தாள், யேசுதாஸ் செய்தான். பட்டறையின் ஃபிட்டர், மீஞ்சூர்ப் பக்கத்துக்காரன் அவன். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஸ்பேனரைத் தொட்ட கை அவனுடையது. தொட்டதிலிருந்து கீழே வைக்கவில்லை. கோமளவல்லி போடும் ஒவ்வொரு கோட்டோடும் சண்டை போடுவான். சண்டையில் தோற்றுவிட்டால் கோட்டுக்கு ஒரு இழைகூடப் பிசகாமல் செய்து கொண்டுவந்து வைப்பான்.

எடை குறைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மளிகைக்கடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி, போல்ட்டு போல்ட்டாக நிறுத்தார்கள். அலுமினியத் தகட்டில் பலம் கெடாத இடங்களிலெல்லாம் ஓட்டை போட்டார்கள். "இன்னும் ரெண்டு ஓட்டை போட்டா இட்லித்தட்டு ஆயிடும் கோமளாம்மா" என்றான் யேசுதாஸ். அத்தனைக்குப் பிறகும் எழுபத்தொரு கிலோ இருந்தது.

பாரம் ஏற்றும் மேடையின் முன்பக்கத்தில் ஒரு பெல்ட், பின்பக்கத்தில் ஒரு பெல்ட். இரண்டும் மேலேயுள்ள உருளையில் சுற்றிக்கொள்ளும்போது மேடை ஏறும். இதுதான் அவளுடைய ஏற்பாடு. சோதித்துப் பார்க்க முற்றத்தில் இரும்புக் கோபுரம் ஒன்று நிறுத்தினார்கள். அடியில் கீல் வைத்து, விமானம் போலவே சாய்க்கும்படி.

தை மாதம் முதல் வாரம் பராசரன் வந்தார். நூற்றைம்பதுக்கு ஒன்றரை மடங்கு பாரம் ஏற்றிப் பார்க்கவேண்டும் என்றார். மூட்டை எழுபத்தைந்து கிலோ, ஆக மூன்று மூட்டை நெல் மேடையில் ஏறியது. நேராக நின்ற கோபுரத்தில் லிஃப்ட் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்து, ரயில்வே சிலிப்பர் கட்டைகளை முட்டுக்கொடுத்துக் கோபுரத்தைச் சாய்த்தார்கள். பாரம் முழுவதும் பின்பக்கம் சரிந்தது. பின் பெல்ட் வீணைத் தந்தி மாதிரி விறைத்தது, முன் பெல்ட் தொளதொளத்தது. தொளதொளத்த பெல்ட் புல்லியில் தன் இஷ்டத்துக்கு நகர்ந்து, ஓரத்தில் ஏறி, விளிம்பு கிழிந்தது. மேடை கோணிக்கொண்டு பாதி வழியில் சிக்கி நின்றது. ஒரு மூட்டை தையல் விட்டு, நெல் முற்றமெங்கும் மழையாகக் கொட்டியது. அக்கம்பக்கத்துக் கோழிகள் அத்தனையும் ஓடி வந்தன.

பராசரன் ஒன்றும் கடிந்து சொல்லவில்லை. "மூணு வாரம் இருக்கு. முடியலைன்னா ஏணி வச்சுக்கறோம். என்ன பண்றது?" என்றார். அந்த மரியாதைதான் கோமளவல்லிக்குச் சுருக்கென்று தைத்தது.

"உடு கோமளா" என்றார் தணிகாசலம். "கோழிங்களுக்குத்தான் இன்னிக்கு விருந்துன்னு எழுதியிருக்கு. ரெண்டு நாள் ஊட்ல இருந்துட்டு வா."

வீட்டில் அது தை அமாவாசைச் சமயம். திருவள்ளூர் முழுக்க ஜனக்கூட்டம். புறப்பாடு முடிந்து வந்த அண்ணன் ரங்கா கூடத்தில் உட்கார்ந்து தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். பெருமாளைப் பல்லக்கில் சுமக்கிறவர்களில் அவனும் ஒருவன்.

"என்ன அண்ணா, இன்னிக்கு ரொம்ப வலியா?"

"பின்கொம்புல நின்னேண்டி. தெருவுல மேடு வந்ததோ இல்லையோ, முன்னாடி இருக்கிறவா ஹாயா நடக்கறா. மொத்தப் பாரமும் பின்னாடி நிக்கறவா தோள்ல. பெருமாளாச்சேன்னு பொறுத்துண்டேன்."

கோமளவல்லி கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்தாள். மேடு ஏறும்போது பின்னால் இருப்பவனுக்குப் பாரம், முன்னால் இருப்பவன் சும்மா. அவளுடைய இரண்டு பெல்ட்டும் அதைத்தானே செய்தன! ஆள் இரண்டு பேராக இருக்கிற வரைக்கும் ஒருவன் மாட்டிக்கொள்ளத்தான் செய்வான். ஒரே ஆள் இரண்டு பக்கமும் பிடித்தால்?

"அண்ணா, எழுந்திரு. உன் வேஷ்டி ஒண்ணு கொடு. உலர்ந்தது."

"என்னடி ஆச்சு உனக்கு?"

சமையலறைக்கு ஓடி இரண்டு அப்பளக் குழவிகளை எடுத்து வந்தாள். உட்காரும் மணையைத் திருப்பிப்போட்டு, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் குழவிகள் உருளும்படி கயிற்றால் தொங்கவிட்டுக் கட்டினாள். வேட்டியை நீளவாக்கில் பட்டையாக மடித்து, குழவிகளுக்கு அடியில் கொடுத்து, மணையை நிமிர்த்தினாள். மேலே தண்ணீர் நிறைந்த பித்தளைக் குடம். வேட்டியின் இரண்டு நுனியும் ரங்காவின் இரண்டு கையில்.

"தூக்கு. மணை கவிழாம நான் பிடிச்சுக்கறேன். இப்போ குடத்தைப் பின்பக்கமா நகர்த்தறேன். எந்தக் கையில பாரம் ஜாஸ்தி?"

ரங்கா யோசித்தான். ஒரு கையை உயர்த்தினான், தாழ்த்தினான். வேட்டி குழவிகளின் அடியில் வழுக்கிக்கொண்டு இங்கும் அங்கும் போயிற்று. "ரெண்டு கையும் ஒண்ணாத்தான் இருக்குடி! இது எப்படி?"

"ஒரே துணிதானே அண்ணா. ஒரு பக்கம் இறுகினா மறு பக்கமும் இறுகித்தானே ஆகணும்? தொளதொளக்கறதுக்கு வழியே இல்லை!"

அவள் குதித்த குதியில் மணை கைநழுவி, குடம் உருண்டு, கூடம் முழுக்க வெள்ளம். "அப்பளத்துக்கு மாவு பிசைஞ்சு வச்சிருக்கேன், குழவி எங்கேடி?" என்று உள்ளிருந்து அம்மா கத்தினாள். அண்ணனும் தங்கையும் நனைந்த தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் பட்டறையில் யேசுதாஸ் புதிய படத்தை விரலால் கோடு கோடாகத் தொடர்ந்து பார்த்தான். பெல்ட்டின் ஒரு நுனி கூரையில் முன்பக்கம் கட்டியிருந்தது. அங்கிருந்து இறங்கி, மேடையின் அடியிலுள்ள இரண்டு புல்லிகளைச் சுற்றி, பின்பக்கமாக மேலே ஏறி உருளைக்குப் போயிற்று. தூளியில் பிள்ளை படுத்திருக்கிற மாதிரி மேடை அதில் உட்கார்ந்திருந்தது; கவிழாமல் பிடித்துக்கொள்ள இரண்டு ஓரத்திலும் வழித்தண்டுகள்.

"ஒண்ணு அறுந்துச்சின்னா?" என்றான்.

"பக்கத்துலேயே இன்னொண்ணு போறது, பாருங்கோ. ரெண்டு தூளி. ஒண்ணே தனியாத் தாங்கும்."

யேசுதாஸ் சட்டென்று நிமிர்ந்தான். "இருங்க கோமளாம்மா. பாரத்துல பாதிய கூரைல கட்டுன நுனியே தாங்கிக்குது. அப்போ உருளைக்குப் பாதி பாரந்தான். மேடை மெதுவாப் போவும், போவட்டும். இம்மாந்தண்டி மோட்டாரும் கியர் பாக்ஸும் இன்னாத்துக்கு?"

இது அவளுக்குத் தோன்றவே இல்லை. பென்சிலை அவன் கையிலேயே கொடுத்துவிட்டாள். பதினைந்து நாளில், பாதி அளவு மோட்டாரோடு லிஃப்ட் தராசில் ஏறியது. ஐம்பத்தெட்டு கிலோ! தணிகாசலம் தராசுக்காரரைக் கூப்பிட்டு, தராசு சரிதானா என்று இரண்டு தடவை சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது சோதனைக்குப் பக்கத்துப் பட்டறை ஆட்களெல்லாம் மதில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கோபுரத்தை முன்னால் சாய்த்தார்கள், பின்னால் சாய்த்தார்கள். மூன்று மூட்டை நெல்லும் ஏறின, இறங்கின. பெல்ட்டுகள் புல்லியின் நடுவைவிட்டு இம்மியும் நகரவில்லை.

பராசரன் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து நீட்டினார். "இப்போ ஒரு பெல்ட்டை அறுக்கணும்."

மேடை மூட்டைகளோடு உச்சியில் நின்றது. யேசுதாஸ் கத்தியை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். "நானே செஞ்சத நானே அறுக்கறதா? எனக்குக் கை வராது சார்." கத்தி கோமளவல்லியிடம் வந்தது.

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஏணியில் ஏறி, ஒருபக்கமாக ஒதுங்கி நின்று, இறுகியிருந்த பெல்ட்டில் கத்தியை வைத்தாள். நாலாவது இழுப்பில் பெல்ட் 'படார்' என்று தெறித்தது. கோபுரம் ஒரு குலுங்கு குலுங்கியது. மேடை ஒரு விரற்கடை இறங்கி, நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

அப்புறம் எழுந்த சத்தம் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். மதில்மேல் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு சுற்று ஆடினார். பராசரன் மட்டும் ஆடாமல் மேடைக்கு அடியிலேயே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். "இந்த மெஷினுக்குக் கீழே நான் தைரியமா நிக்கறேன், பாருங்கோ. இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்?" என்றார்.

மாசியில் அரசாங்க அதிகாரியும் கையெழுத்துப் போட்டார். வெள்ளோட்டத்துக்கு லிஃப்ட் செய்தவர்களையும் அழைத்திருந்தார்கள். தணிகாசலம் மீனம்பாக்கம் வரைக்கும் வந்தவர், படிக்கட்டைப் பார்த்ததும், "நான் கீழருந்தே பாக்கறேன்" என்று நழுவிவிட்டார். யேசுதாஸ் சிலுவை போட்டுக்கொண்டு ஏறி, அடித்தட்டுச் சமையலறைக்குப் போனான். கோமளவல்லி மேல்தட்டில் லிஃப்ட் வாயில் அருகே உட்கார்ந்தாள். இருவரும் விமானத்தில் ஏறுவது அதுதான் முதல் தடவை.

விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேகத்துக்குள் நுழைந்து, வெளியே வந்தது. கீழே பழவேற்காடு ஏரி வெள்ளித் தகடாய்க் கிடந்தது. விமானம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே பராசரன், "ம், அழுத்துங்கோ" என்றார்.

பொத்தானை அழுத்தினாள். கீழே மெல்லிய முனகல். சாப்பாட்டுப் பெட்டிகளை எதிர்பார்த்துக் குனிந்தவள் கண்ணில் முதலில் பட்டது ஒரு எவர்சில்வர் டம்ளர். பெட்டிகளின் உச்சியில், சாய்வுக்குச் சரியாகக் கீழே காகிதத்தை மடித்து வைத்து, விளிம்பு வரைக்கும் காபி. ஒரு சொட்டுகூடச் சிந்தியிருக்கவில்லை.

"வந்துச்சா கோமளாம்மா?" என்று கீழேயிருந்து யேசுதாஸின் குரல் கேட்டது.

"வந்தாச்சு! அப்படியே வந்தாச்சு!"

"அப்போ இன்னொண்ணு அனுப்பறேன், சாருக்கு!"

பராசரன் கைகொட்டிச் சிரித்தார். கோமளவல்லி காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி, பெட்டிகளை இறக்கி வைக்கும்படி பக்கத்தில் நின்ற பணிப்பெண்ணிடம் கண்ணால் கெஞ்சிவிட்டு, மேடை காலியானதும் அதைக் கீழே அனுப்பும் பொத்தானை முழங்கையால் அழுத்தினாள்.