கோழி எரு

சைப்ரஸ் மர வேலிக்கு வருடத்தில் ஒரு தடவை உரம் வைத்தால் போதும். தளிர் விடுகிற சமயம் பார்த்து, அடிமரத்தை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளித் தூவிவிட்டு, மண் ஊறத் தண்ணீர் விடவேண்டும். அதிகம் போடக்கூடாது, வேர் வெந்துவிடும். எல்லாம் மூட்டையின் முதுகிலேயே அச்சடித்திருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. படித்துவிட்டுத்தான் வாரா வாரம் போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் என் அக்காவும் போட்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள். ஒரே குடும்பத்தில் கொடுத்தால் பெண்கள் கடைசிவரை பிரியாமல் இருப்பார்கள் என்று எங்களைப் பெற்றவர்கள் போட்ட கணக்கு அது. மாமனார் கட்டிவைத்த வீடுகளும் அடுத்தடுத்து, நடுவில் வெறும் புல்தரை. அவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது, மூச்சு மெஷினை நிறுத்தச் சொல்லி அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், கையெழுத்துப் போட்டார். தம்பிக்காரர், அதாவது என் வீட்டுக்காரர், அப்போது ரயிலில் வந்துகொண்டிருந்தார். வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

“நான் முகம் பாக்கறதுக்குள்ள அப்பாவ முடிச்சுட்ட இல்ல?” என்று ஆஸ்பத்திரி நடையில் நாலு பேர் பார்க்கக் கத்தினார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. புல்தரையில் வேலி முளைத்தது. அவர்கள் பேசவில்லை என்றால் அவர்கள் பாடு என்று விட்டிருக்கலாம். ஆனால், “அந்த வீட்டுப் படியை மிதிச்சா இந்த வீட்டுப் படி ஏறாதே” என்று என்னிடம் இவர் சொன்னார். அங்கே அக்காவிடம் அத்தானும் அதையே சொன்னாராம், ஒரு வார்த்தை மாறாமல். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஆயிற்றே.

போன் இல்லையா என்று கேட்பீர்கள். இரண்டு பேரும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஓய்வு பெற்ற ஆண்பிள்ளைக்குப் பெண்டாட்டியின் போனைவிடச் சுவாரசியமான கோப்பு உலகத்தில் வேறு கிடையாது. கடைக்குப் போனால் கூடவே வருவார். மாடிக்குத் துணி உலர்த்தப் போனால், “என்ன இவ்வளவு நேரம்?” என்று கீழேயிருந்து குரல் வரும். இவருக்கு இடுப்புப் பிடிப்பு, அத்தானுக்கு முழங்கால். அதனால் குனிந்து நிமிர்கிற தோட்ட வேலை மட்டும் எங்கள் தலையில் விழுந்தது. அந்த இடுப்புக்கும் முழங்காலுக்கும் நான் எத்தனை தடவை நன்றி சொல்லியிருப்பேன்!

ஒரு தடவை நர்சரியில் வேறு உரம் இல்லையென்று கோழி எரு மூட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். வேலியோரம் வைத்துப் பிரித்தேனோ இல்லையோ, எங்கள் வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. “என்ன கண்றாவி இது, குடலைப் புடுங்குது!” என்று உள்ளேயிருந்து இவர் அலறினார். அடுத்த வீட்டு ஜன்னல்களும் சாத்திக்கொண்டன. அந்த நாற்றத்துக்கு நடுவில், இலைகளுக்குள்ளிருந்து ஒரு குரல் மெல்லக் கேட்டது.

“நீதானாடி?”

எரு ஒட்டிய கையை அப்படியே வேலிக்கு அடியில் விட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து அக்காவும் விட்டாள். விரல் நுனிதான் எட்டியது.

அதன்பிறகு நாங்கள் நர்சரிக்காரரிடம் வேறு உரமே கேட்கவில்லை. இவர் கேட்டால், “கோழி எருதான் வேலிக்கு நல்லதாம்” என்பேன். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

“சின்னத் தலை என்ன பண்ணுது?” என்பாள் அக்கா.

“ஃபேனைப் போட்டுக்கிட்டு உள்ள கெடக்கு. பெரிய தலை?”

“துண்டை மூக்குல கட்டிக்கிட்டு என்னைத் திட்டுது. திட்டட்டும், வாய் வலிச்சா நிறுத்தும்.”

சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு நோகும். ஆளுக்கொரு பிடி தூவுவோம். பேச்சு நீண்டால் இன்னொரு பிடி. ஜன்னல் திறக்கிற மாதிரி இருந்தால் அவசரமாக இன்னும் ஒரு முறம்.

ஒரு நாள் அக்கா சிரிக்கவில்லை.

“மார்ல ஒரு கட்டி மாதிரி இருந்துச்சுடி. பல் டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லிட்டுப் போய்க் காட்டினேன். ஊசி குத்தி எடுத்திருக்காங்க. ரிசல்ட் வாங்கப் போகணும். துணைக்கு ஆளோட வாங்கன்னாங்க. எனக்குத் தனியாப் போக பயமா இருக்கு. கூட வர்றியா?”

“அத்தான்கிட்ட சொல்லலையா?”

“சொன்னா தம்பி விட்ட சாபம்னு ஆரம்பிப்பார். கட்டி என்னோடது, சண்டை அவங்களோடதா ஆயிடும். நீ வாயேன்.”

“வரேங்க்கா. இவர்கிட்ட என்ன சொல்லிட்டுக் கிளம்பறதுன்னு யோசிச்சு அடுத்த தடவை சொல்றேன்.”

அடுத்த தடவையும் அதையேதான் சொன்னேன். அதற்கடுத்த தடவையும். பல் வலி என்று சொல்லலாமா, கண் பரிசோதனை என்று சொல்லலாமா என்று இரண்டு பேரும் நாற்றத்தில் குந்தியபடி கூடிக் கூடிப் பேசினோம். எரு தீர்ந்துகொண்டே இருந்தது. யோசனை மட்டும் தீரவில்லை.

இதற்குள் வேலியின் நுனிகள் சிவக்கத் தொடங்கின. பிறகு உள்கிளைகள் பழுத்தன. சைப்ரஸ் காய்ந்தால் காய்ந்ததுதான், வெறும் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கிற ஜாதி இல்லை. “சத்து போதல, இன்னும் போடணும்” என்று இவரிடம் வாய் கூசாமல் சொன்னேன். கடைசியில் ஒரு காலைப்பொழுது, உதிர்ந்துபோன இலைகளின் ஊடே இவர் வருடக்கணக்காகப் பார்க்காத அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“வேலில என்ன மருந்து ஊத்தின?”

“நானா? அப்பாவ நான் கொன்னேன்னு ஊரெல்லாம் சொன்னவன் நீ. இப்ப மரத்தையும் கொன்னுட்டு என் தலைல கட்டுறியா?”

“இரு, போலீஸுக்குப் போறேன்!”

“போடா, போ!”

இவர் நிஜமாகவே சட்டையை மாட்டக் கிளம்பினார். அக்காதான் காலி மூட்டையோடு முன்னால் வந்தாள். மெலிந்திருந்தாள். இலை மறைவில் விரலை மட்டும் தொட்ட எனக்கு அது தெரியாமலே போயிருந்தது.

“யாரும் மருந்து ஊத்தல. நாங்க ரெண்டு பேரும்தான் எருவாக் கொட்டினோம். பேசிக்கறதுக்காகக் கொட்டினோம். போதுமா?”

இதோ வெட்கப்படப் போகிறார்கள் என்று நம்பினேன். எனக்கு எப்போதுமே நம்பிக்கை ஜாஸ்தி.

“பாத்தியா தம்பி?” என்றார் அத்தான். அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டு எத்தனை காலம்! “நம்ம ரெண்டு பேர் கண்ணுலயும் மண்ணைத் தூவியிருக்காளுங்க.”

“ஆமாண்ணே. எனக்கு அப்பவே சந்தேகம்.”

அப்புறம் என்ன, அண்ணனும் தம்பியும் ஒட்டிக்கொண்டார்கள். மாமனார் சாவு பிரித்த இரண்டு பேரை எங்களைத் திட்டுகிற வேலை சேர்த்துவைத்தது. வேலியை வேரோடு பிடுங்கிவிட்டு மதில் கட்ட ஆள் வைத்தார்கள். கொத்தனார் கல் அடுக்க, இவர்கள் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து உயரம் சொன்னார்கள். ‘இன்னும் ஒரு வரிசை வைப்பா’ என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னதை அடுப்படியிலிருந்து கேட்டேன். எட்டிப் பார்த்தால் இவர் திரும்பி முறைத்தார். என் போன் அவர் சட்டைப் பையில் இருந்தது.

“அதான் நீங்க ராசியாயிட்டீங்களே. நான் அக்காவப் பாத்துட்டு வரட்டுமா?” என்று கேட்டேன்.

“நாங்க பேசிக்கறோம். நீங்க ரெண்டு பேரும் கூடினா இன்னும் என்னென்ன பண்ணுவீங்களோ, யார் கண்டா?”

மதில் முடிந்த அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“அண்ணன் நல்லாத்தான் இருக்கான். சுகர்கூட குறைஞ்சிருக்காம். காபி ரெண்டு தடவை குடிச்சோம்.”

“அக்கா எப்படி இருக்கா?”

“உள்ள இருந்தா போல. நான் கேக்கல.”

கையிலிருந்த கரண்டியை அப்படியே போட்டேன். செருப்பை மாட்டினேன்.

“எங்க கெளம்பிட்ட?”

“அக்கா வீட்டுக்கு.”

“படி தாண்டினா நடக்கறதே வேற!” என்று கத்தினார். தாண்டினேன். எதுவும் நடக்கவில்லை. ஜன்னலைத் திறந்து இன்னொரு தடவை கத்தினார், அவ்வளவுதான். எங்கள் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கி, செருப்பில் கால் சரியாகப் பதிவதற்குள் அவர்கள் கேட் வந்துவிட்டது. வெறும் கொக்கி, பூட்டுகூட இல்லை. இத்தனை வருடமும் இந்தத் தெரு இங்கேயேதான் இருந்தது. இதை விட்டுவிட்டு மூட்டை மூட்டையாக எருச் சுமந்தேனே என்று என் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

அக்காதான் கதவைத் திறந்தாள். வெளிச்சத்தில் இன்னும் மெலிந்து தெரிந்தாள்.

“கிளம்புக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம். யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம், நான் கூட வரேன்.”

“போய்ட்டு வந்துட்டேன்டி. நேத்துத் தனியாத்தான் போனேன்.”

“என்ன சொன்னாங்க?”

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமேன்னு கேட்டாங்க.”