அடாப்டரை எடுத்தவன்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு உயர்ந்த காரணம் ஏதும் இருப்பதாக நடுவில் நான் சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வெளிநாட்டுச் சுவர்களுக்கு நம் சார்ஜரைப் பிடிப்பதில்லை...’ அடித்துவிட்டேன். சுவரைப் பற்றி நீட்டி முழக்குகிறவன் எதையோ மறைக்கிறான்.

2

ஒரு மனைவி. ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் இயந்திரம் பொருத்தும் இன்ஜினியர். பத்து நாள் வேலையாக வெளிநாடு போகிறாள். கூடவே அலுவலகத்திலிருந்து ஒருவர். (அவருக்கு வழுக்கை வைத்து எழுதிப் பார்த்தேன். உண்மையில் நல்ல அடர்த்தியான முடி. வயிறு எரிகிறது.)

ஒரு கணவன். போன பயணத்தில் அவன் எப்போது கூப்பிட்டாலும் அவள் போன் பிஸி. அதனால் இந்த முறை, அவள் பட்டியல் போட்டு, டிக் அடித்து மூடிய பெட்டியைத் திறந்து, அந்த நாட்டுப் பிளக்குக்கான அடாப்டரை எடுத்து ஒளித்துவிட்டான். சார்ஜ் குறைவாக இருந்தால் ஊரோடு பேசாமல் கணவனுக்கென்று மிச்சம் வைப்பாள் என்று கணக்கு. கதை எழுதுகிற மூளை, வேறு எப்படி இருக்கும்?

‘அவன்’ என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால்... சரி, நான்தான்.

3

முதல் நாள் மாலையே அழைப்பு வந்தது, அந்த அடர்த்தி முடிக்காரரின் போனிலிருந்து.

“சார், மேடம் அடாப்டர மறந்துட்டாங்க. எங்கிட்ட ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு குடுத்துட்டேன். நீங்க கவலப்படாதீங்க.”

பிறகு அவள் பேசினாள்.

“டிக் அடிச்சிருக்கேங்க. உள்ள வச்சது கூட ஞாபகம் இருக்கு. ஆனா பெட்டில இல்ல.”

“விடு, ஒரு அடாப்டர்தானே.”

“அம்மாவுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுது.”

(என் மாமியார் கடைசி நான்கு வருடம் பெற்ற மகளையே ‘நீ யாரும்மா’ என்று கேட்டவர். இதை அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன். மனம் வரவில்லை.)

“வந்ததும் டாக்டரப் பாக்கணும், நேரம் வாங்கி வைங்க. சார்கிட்ட மொதல்லயே சொல்லிட்டேன். பயப்படாதீங்கன்னார்.”

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“அவர்கிட்ட எதுக்கு மொதல்ல சொன்ன?”

4

கதைக்குச் சில முடிவுகள்.

அவள் திரும்பி வந்ததும் அடாப்டரை அவள் பெட்டியின் ஓரப் பையில் ரகசியமாக வைத்துவிடுகிறேன். கண்டெடுத்தால், ‘கையிலேயே இருந்தது தெரியலியே’ என்று இன்னும் பயப்படுவாள். வேண்டாம்.

டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். அவள் நம்பவில்லை. எதை எங்கே வைத்தோம் என்று சின்ன நோட்டில் எழுத ஆரம்பிக்கிறாள். இதையும் எழுத முடியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அவள் என்னை

(நான்கு நாளாக இந்த வாக்கியம் இங்கேயே நிற்கிறது.)

நாளை வருகிறாள். மறுநாள் பத்தரைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். அதைக்கூட வாங்கியிருக்கிறேன், பாருங்கள். என் கதைகளை முதலில் வாசிப்பவள் எப்போதும் அவள்தான். இதை மட்டும் உங்களிடம் முதலில் சொல்லியிருக்கிறேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் சொல்கிற தைரியம் உள்ள ஒருவனை அதில் வையுங்கள்.