தலைகீழாய்த் தொங்கிய தீவுக் கள்ளி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னது நான்தான். 2016இல், பாரிசில் ஓர் அலுவலக அறையில், நான்கு பேர் முன்னால் சொன்னேன். என்ன பொய் என்பதை ஐந்தாம் பகுதியில் எழுதுகிறேன். அதற்குள் தைரியம் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘கரீபியன் கடலில், வரைபடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் மறைந்துவிடுகிற தீவு ஒன்றில், அலைகள்—’ அடித்துவிட்டேன். தீவை நான் பார்த்ததில்லை. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் ஒரு கடைக் கதவைத்தான் பார்த்திருக்கிறேன்.

2

சுகிர்தம் பாரிசுக்கு வெளியே திரான்சியில் இருக்கும் இலங்கைத் தமிழர். காலையில் ஒரு தாவர ஆய்வு நிலையத்தின் கண்ணாடி வீடுகளைக் கூட்டித் துடைக்கும் வேலை. மத்தியானத்துக்குப் பிறகு, லா ஷப்பலில் கணவர் இராஜதுரையின் கைபேசி திருத்தும் கடை.

(முதல் வரைவில் சுகிர்தத்தை ‘அவள்’ என்றும், நிலையத்தின் இயக்குநர் அம்மாவை ‘அவர்’ என்றும் எழுதியிருந்தேன். கை தானாகச் செய்த வேலை. பார்த்ததும் என் மேலேயே எரிச்சல் வந்தது. இப்போது இருவருமே ‘அவர்’. அடுத்து வரப்போகிற லியோனலை மட்டும் ‘அவன்’ என்றுதான் எழுதுவேன். காரணம் போகப் போகத் தெரியும்.)

கண்ணாடி வீட்டின் மூலையில் பன்னிரண்டு கள்ளிச் செடிகள் இருந்தன. பந்து மாதிரி உருண்டை, உச்சியில் சிவப்புக் கம்பளித் தொப்பி. இரண்டு மூன்று குட்டித் தீவுகளில்தான் அந்த இனம் முளைக்கும். அங்கேயும் நாற்பதுக்குள்தான் மிச்சம்.*

* தீவுகளின் பெயரை நிலையத்தார் வெளியே சொல்வதில்லை. சொன்னால் சேகரிப்புப் பைத்தியங்கள் படகு பிடித்துப் போய்ப் பிடுங்கிவிடுவார்களாம். திருடர்களிடமிருந்து அவ்வளவு கவனமாகக் காத்தார்கள். தண்ணீர்க் குழாயிடமிருந்து காக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சுகிர்தத்துக்குத் தோன்றியது. துடைக்கும்போதெல்லாம் சட்டிகள் ஈரமாகவே இருந்தன. செடிகளைக் கவனிக்கும் லியோனலிடம் சொன்னார். அவன் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சுக் குடிமகன், தமிழ் பேசுகிறவன். மூன்று வருடம் சொன்னார். எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று அவன் சிரித்தான். பதினொரு செடிகள் ஒவ்வொன்றாக அழுகின. பன்னிரண்டாவதை அவனே பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான். எடுத்துக்கொள்ளலாமா என்று சுகிர்தம் கேட்டார்.

“குப்பைதானேங்க, எடுத்துக்குங்க.”

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவன் வைத்துக்கொள்ளவில்லை.

3

அழுகிய அடியைச் சுகிர்தம் கத்தியால் சீவினார். மஞ்சள் தடவினார். சிவப்புத் துணியில் கட்டி, கடைக் கதவுக்கு உள்ளே, மேலே, தலைகீழாகத் தொங்கவிட்டார். கண்ணூறு படாமல் இருக்கக் கடைகளில் கற்றாழை தொங்கவிடுவதில்லையா, அந்த வழக்கம்தான். இதற்கு முள்ளும் இருக்கிறதே, காவல் இன்னும் கூட என்பது அவர் கணக்கு.

படித்தவர் யாரும் செய்யாத தவறு. அந்தத் தவறுதான் செடியைக் காப்பாற்றியது. மண் இல்லை, தண்ணீர் இல்லை, கதவுக்கு மேலே ஹீட்டரின் காய்ந்த காற்று. ஏழாம் மாதம் தொப்பிக்குள்ளிருந்து இளஞ்சிவப்புப் பூ எட்டிப் பார்த்தது. பிறகு மிளகாய் வடிவத்தில் காய்கள். தனியாக மிளகாய் கட்டும் செலவு மிச்சம் என்று இராஜதுரை பகிடி விட்டார்.

ஒரு சனிக்கிழமை, வெளிநாட்டு விருந்தாளியோடு தோசை சாப்பிட லா ஷப்பலுக்கு வந்த இயக்குநர், அந்தக் கதவைத் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தார். உள்ளே கல்லாவில் சுகிர்தம்.

4

திருட்டுக் குற்றச்சாட்டு. விசாரணை அறையில் இயக்குநர், பணியாளர் பிரிவு அதிகாரி, லியோனல், சுகிர்தம். திருடி என்று முடிவானால் வேலை போகும். வேலை போனால், பிரான்சில் தங்க அவருக்கு இருக்கும் வதிவிட அட்டையைப் புதுப்பிப்பதும் இழுபடும்.

[‘கள்ளி’ என்ற சொல்லை வைத்து ஒரு சிலேடை இந்த இடத்தில் வந்து பல்லிளிக்கிறது. போ வெளியே. ஒரு மனுஷியின் மானத்தில் எனக்குச் சொல் விளையாட்டு வேண்டாம்.]

லியோனல் மொழிபெயர்க்கலாமே என்று அதிகாரி கேட்டிருக்கிறார். இலங்கைத் தமிழ் தனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டானாம். மூன்று வருடம் அவரோடு வாயாடியவன்! ஆகவே மொழிபெயர்ப்பாளர் பட்டியலைப் பார்த்து, கூசேன்வில் என்ற புறநகரில் இருக்கும் என்னை அழைத்தார்கள். நான் தமிழ்நாட்டுக்காரன். வாசலில் இராஜதுரை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, அவ கோவக்காரி. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கோ.”

5

சுகிர்தம் சொன்னது இது. ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன்.

“நான் களவெடுக்கேல்லை. எறிஞ்சதைக் கேட்டு எடுத்தனான். எடுக்கச் சொன்னவர் இந்தா இருக்கிறார், கேளுங்கோ. மூண்டு வருசமாத் தண்ணி கூட எண்டு சொன்னனான், கூட்டுறவளின்ரை பேச்சை ஆர் கேட்டது? நீங்கள் சாகக் குடுத்ததை நான் உயிரோடை வைச்சிருக்கிறன். ஒருத்தரிட்டையும் நான் மன்னிப்புக் கேக்கமாட்டன்.”

பிரெஞ்சில் நான் சொன்னது: “மதாம் மிகவும் வருந்துகிறார். செடியின் மதிப்பு தெரியாமல் எடுத்துவிட்டார். மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறார்.”

வேலையைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆயிற்று. என்னை நம்பிச் சுகிர்தம் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே வேலை போயிற்று.

அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் இரண்டே பேர். வெளியே வந்ததும் லியோனல் என் கையைக் குலுக்கினான்.

“நல்லா சமாளிச்சீங்க சார்.”

அந்தக் கையை அன்று எத்தனை முறை கழுவினேன் என்று கேட்காதீர்கள்.

6

எழுதிப் பார்த்த முடிவுகள்.

(அ) லியோனல் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி— இல்லை. அவன் எழுந்து நிற்கவே இல்லை.

(ஆ) நிலையத்துக்குத் திரும்பிய செடி மறுபடி அழுகிச் செத்தது. எழுதும்போது உள்ளுக்குள் இனித்தது. பிறகு வெட்கமாக இருந்தது. மனிதர்கள் செய்த அயோக்கியத்தனத்துக்கு அந்தச் செடி ஏன் சாக வேண்டும்?

(இ) உண்மையில் நடந்தது. செடி நன்றாக இருக்கிறது. கண்ணாடி வீட்டில் தலைகீழாகத் தொங்குகிறது. பக்கத்தில் ஓர் அட்டை: ‘புதிய உலர்த்தல் முறை.’ கீழே இயக்குநரின் பெயர். சிவப்புத் துணியைக் கழற்றிவிட்டார்கள்.

7

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சுகிர்தம் நின்றபடியே வாசித்தார். ஐந்தாம் பகுதியை இரண்டாம் முறையும் வாசித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“ஏன் தம்பி இதைத் தமிழிலை எழுதினனீங்கள்? நான் சொன்னது எனக்குத் தெரியும். தெரியாதவைக்கு எழுதுங்கோ. அவையின்ரை பாஷையிலை, உங்கடை பேரைப் போட்டு.”

தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கதவுக்கு மேலே வெறும் கொக்கி.

பிரெஞ்சில் அந்தக் கடிதத்தை எழுதிவிட்டேன். ஒரே பக்கம். முதல் வரி: ‘நான் பொய்யாக மொழிபெயர்த்தேன்.’ கையெழுத்துப் போட்டு அனுப்பினால் பட்டியலிலிருந்து என் பெயர் போகும். லியோனலும் தன் வேலையை நினைத்துத்தான் வாயை மூடியிருப்பான். கடிதம் இந்த மேசையில்தான் கிடக்கிறது, கையெழுத்து இல்லாமல்.

முடிவை எழுத என்னிடம் கேட்காதீர்கள். அதை அனுப்பினேன் என்று உங்களுக்குத் தெரியவரும்வரை, என்னையும் ‘அவன்’ என்றே சொல்லுங்கள்.