கல்லீரல் வாசலில் என் மச்சினன்

நாற்பது வருடம் பேருந்தில் டிக்கெட் கிழித்த எனக்கு எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்துக் கிடப்பதெல்லாம் ஒரு நெரிசலே இல்லை. இடைஞ்சல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு எந்திரத்தை இயக்கி ஸ்கேன் எடுக்க வந்தவன் என் மனைவியின் தம்பி. என் பணி ஓய்வு விழாவில் நான் நன்றி சொல்ல ஆரம்பித்து வெறும் இரண்டே கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. மைக் வயரைப் பிடுங்கிவிட்டான், பாவி. பதினொரு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆய்வு டாக்டரம்மாவுக்கு இந்தக் கதை தெரியாது. கல்லீரல் செல்களுக்கு வாசல் உண்டாம். மருந்து அதன் வழியாக உள்ளே போய்ப் பித்தத்தோடு வெளியேறுமாம். ஒரு மாத்திரை அந்த வாசலை எவ்வளவு அடைக்கிறது என்று படம் பிடித்துப் பார்ப்பதுதான் அவருடைய மூன்று வருட ஆய்வு. போன வாரம் எனக்கு வெறும் சாய ஊசி; சாயமும் அதே வாசல் வழியாகப் போய்க் கல்லீரலைப் படத்தில் வெளுப்பாகக் காட்டுமாம். இன்று மாத்திரையை விழுங்கிய பிறகு அதே ஊசி. ஆய்வுக்கு உடம்பைத் தந்தவர்களில் நான் பத்தாவது ஆள். எந்திரம் கிடைப்பது இன்றோடு சரி.

“ஊசி போட்டப்புறம் படம் கலங்கிட்டா திரும்பப் போட முடியாது, ஐயா. ஒன்பது பேரை வச்சு என் ஆய்வை யாரும் ஏத்துக்க மாட்டாங்க.”

“பாறாங்கல்லா கிடக்கிறேன்மா.”

ஊசிக்கு முன்னால் ஒரு ஒத்திகைப் படம். காதுக்குள் மச்சினன் குரல்: “மூச்சு விடாதீங்க.”

போன வாரம் இருந்த பெண் “மூச்சை அடக்குங்க” என்றாள், அடக்கினேன். இவன் சொன்னது வேறல்லவா? மூச்சு விடாதே என்றால் வாயைத் திறக்காதே என்றுதானே அர்த்தம்! நான் எங்கே பேசினேன்? மைக்கைப் பிடுங்கியது போதாமல் குழாய்க்குள்ளும் என் வாயை அடைக்கப் பார்க்கிறானா? ஆத்திரத்தில் வயிறு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. படம் கலங்கி, அதில் எனக்கு ஏழு கல்லீரல்.

டாக்டரம்மா ஓடி வந்தார். “ஏன் மூச்சு விட்டீங்க?”

“ஒரு வார்த்தை பேசலியேம்மா!”

“பேச்சைப் பத்தி யாருய்யா சொன்னா?” மச்சினன் ஒலிபெருக்கியில் கத்தினான். “மூக்கு வழியா விடுறியே, அது! எங்கக்கா எப்படித்தான் இந்த ஆளோட…”

“உங்கக்கா நல்லாத்தான் இருக்கா. நீ பொத்தானை அமுக்குடா!”

டாக்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. “ரெண்டு பேரும் சேர்ந்து என் மூணு வருஷத்தைக் கொன்னுடாதீங்க” என்றார்.

ஊசி ஏறியது. “மூச்சை அடக்கு” என்றான். ‘ங்க’ காணாமல் போயிருந்தது. பதினாறு வினாடியில் படம் முடிந்துவிடும். முடிந்த பிறகும் ‘விடு’ என்று சொல்லாமல், நான் திணறிக் கையை ஆட்டுவேன் என்று காத்திருந்தான். நானா ஆட்டுவேன்? வெளியே இரண்டு ஆட்சி மாறியிருக்கும். இப்படி இருபது தடவை. ஒரு தடவைகூட நான் முந்திக்கொண்டு மூச்சை விடவில்லை.

இரண்டு நாள் படத்தையும் டாக்டரம்மா அருகருகே வைத்தார். போன வாரக் கல்லீரல் வெள்ளையடித்த சுவர் போலப் பளீரென்றிருந்தது, இன்றையது மங்கல். சாயம் ரத்தக் குழாயிலேயே நின்றுவிட்டது.

“வாசல் அடைபட்டிருக்கு! பத்து பேர்ல ரொம்பத் துல்லியமான படம் இதுதான்!”

“எடுத்தது யாரு?” என்றான் மச்சினன்.

“கல்லீரல் யாரோடது?”

“உன்னை அசையாம வச்சது நான்யா!”

“உன் மேல இருந்த கடுப்புலதான்டா நான் அசையல!”

டாக்டரம்மா எப்போது படங்களை எடுத்துக்கொண்டு போனார் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.