பின் இடது சக்கரத்தில் நாலு பவுண்டு காற்று

கால்நடை மருத்துவரின் காருக்குப் பதினெட்டு அங்குலச் சக்கரங்கள் மாட்டிய நாளிலிருந்து, கார் பள்ளத்தில் விழும்போதெல்லாம் குலுங்கியவர், வீட்டில் உட்கார்ந்து கைக்கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்த அவருடைய கணவர். முதல் நாள் காலை ஒன்பது இருபதுக்கு நாற்காலியோடு ஒரு சாண் உயரம் எழும்பி இறங்கினார். கண்ணில் இடுக்கியிருந்த லென்ஸ் தெறித்து அலமாரிக்கு அடியில் உருண்டது. நிலநடுக்கம் என்று வாசலுக்கு ஓடினார். எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் இன்னும் முப்பத்தொரு தடவை குலுங்கினார். தொழில் பழக்கம், ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டு எழுதி வைத்தார். மனைவி வந்ததும் எத்தனை மணிக்கு எங்கே இருந்தாய் என்று விசாரித்துச் சரிபார்த்ததில் ரயில்வே கேட், கால்வாய்ப் பாலம், பால் பண்ணைக்குப் போகும் மண் ரோடு என்று ஒன்றுவிடாமல் பொருந்தியது. விஷயம் தெரிந்துவிட்ட நிம்மதியில் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அந்தச் சக்கரங்கள் டாக்டரம்மாவின் அண்ணன் கொடுத்த பரிசு. திரைச்சீலைக் கடை வைத்திருந்த அவர், எதையும் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தால்தான் வைத்துக்கொள்வார். தங்கை ஓட்டிய காருக்குப் பிறந்ததிலிருந்து இருந்த பதினைந்து அங்குலச் சக்கரங்கள் அவர் கண்ணுக்குப் பால்காரரின் சைக்கிள் சக்கரமாகத் தெரிந்தன. புதிய ரிம்கள் பளபளவென்று வாசலையே அடைத்தன. அவற்றைச் சுற்றியிருந்த டயரோ ஜாடிக்கு மாட்டுகிற ரப்பர் வளையத்தின் கனம்தான் இருக்கும். ஆனால் காருக்குள் இருந்தவர்களுக்கு ஒரு அலுங்கலும் இல்லை. விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு ஏழு மைல் மண் ரோட்டில் போய் வரலாம். டாக்டரம்மாவோடு போன பால் பண்ணை மேலாளர் அதில் தூங்கியே போனார். ஊரில் இதைவிடச் சொகுசான கார் கிடையாது என்ற பேச்சு அந்த மாதத்துக்குள் பரவிவிட்டது. அந்தச் சொகுசுக்கான இடியையெல்லாம் வாங்கிக்கொண்டு வாட்ச்காரர் வீட்டில் எழும்பி எழும்பி இறங்கிக்கொண்டிருந்தார்.

கைதான் அவருடைய மூலதனம். தலைமுடியைவிட மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கைச் சாமணத்தால் பிடித்துக் குழியில் உட்கார வைக்கிற வேலை, மூச்சைக்கூடப் பாதியில் நிறுத்திச் செய்கிற வேலை. அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா கால்வாய்ப் பாலத்தில் ஏறுவார். இரண்டு மாதத்தில் பதினாலு ஹேர்ஸ்பிரிங்குகள் பாழாயின. ஒரு தையல்காரியின் கடிகாரத்தில் நொடிமுள் வளைந்து, அது ஒவ்வொரு நிமிடமும் பன்னிரண்டைத் தொடும்போது தும்மல் போட ஆரம்பித்தது. அதை அவரால் கடைசி வரை நிறுத்த முடியவில்லை. வாடிக்கைக்காரர்கள் கடிகாரங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். மனைவி பார்த்தார். கணவருக்காக மணிக்கு இருபதில் ஓட்டத் தொடங்கினார். அப்படி ஊர்ந்து போன ஒரு மத்தியானத்தில் பிரசவத்துக்குத் தவித்த மாட்டிடம் அரை மணி தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். கன்று தங்கவில்லை. வீட்டுக்கு வந்து ரப்பர் பூட்ஸைக் கழுவும்போது, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். வாட்ச்காரர் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்று தன் கை போக வேண்டும், இல்லையென்றால் அவள் வேலை போக வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மறுநாள் விடிந்ததும், வாழ்க்கையில் முதல் தடவையாக டயர்க் கடைக்குப் போனார்.

டயர்க்கடைக்காரர் நிதானமானவர். இந்த மாதிரிக் குலுங்கல் இடம் மாறுவதைத் தன் காலத்தில் இரண்டு தடவை பார்த்திருப்பதாகச் சொன்னார். ஒன்றில் வீட்டில் இருந்த மாமியார், இன்னொன்றில் ஒரு நாய்.

"சார், ரிம் பெருசாச்சுன்னா ரப்பர் சின்னதாயிரும். நம்மள தூக்கிட்டுப் போறது இரும்பும் இல்ல, ரப்பரும் இல்ல. நடுவுல இருக்கு பாருங்க காத்து, அதுதான். உங்க மச்சான் அந்தக் காத்து இருக்க வேண்டிய எடத்துல பளபளப்ப வச்சுட்டாரு."

"அப்ப எந்த அளவு போடலாம்?"

"படிப்படியா இறங்குவோம். எடுத்தவுடனே பழசுக்குப் போனா உங்க மச்சான் மூஞ்ச தூக்குவாரு."

முதலில் பதினாறுக்கு இறங்கினார்கள். ஒரு சாண் எழும்பியவர் நாலு விரல்கடை எழும்பினார். சுவர்க் கடிகாரம் பார்க்க அது போதும், கைக்கடிகாரத்துக்குப் போதாது. மனிதருக்கு ஆசை வந்துவிட்டது. ரப்பர் உயர்ந்தால் குலுக்கல் குறையும் என்றால், உயரத்திலும் உயரமாக மாட்டிவிட்டால் என்ன? கடைக்காரர் வேண்டாம் என்றார்; கேட்கவில்லை. பதினைந்து அங்குல ரிம்மில், மலையேறும் ஜீப்புக்கு மாட்டுகிற தடித்த டயரை வாங்கி மாட்டினார். அன்று முழுவதும் நாற்காலி அசையவே இல்லை. ஆனால் சக்கரத்தின் மொத்தச் சுற்று பெருத்துவிட்டதால் காரின் வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டியது. அதோடு சேர்ந்து வீட்டில் இருந்த அத்தனை கடிகாரங்களும் மணிக்கு மூன்று நிமிடம் பின்தங்கின. வீட்டுக்கு வெளியே எடுத்துப் போனால் சரியாக ஓடும், உள்ளே வந்தால் சோம்பல் முறிக்கும். டாக்டரம்மா ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போது டயர் உரசுகிற சத்தம் சமையலறைச் சுவருக்குள்ளிருந்து கேட்டது. மூன்றாம் நாள் வாட்ச்காரர் கையைத் தூக்கிவிட்டார்.

கடைசியில் கார் பிறந்தபோது இருந்த அளவுக்கே வந்து சேர்ந்தார்கள். கடைக்காரர் புது டயர் மாட்டிக் காற்று நிரப்பி அனுப்பினார். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வாட்ச்காரர் அன்று சாயங்காலம் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு டயரைச் சுற்றி வந்து, ஓரத்தில் பொடி எழுத்தில் ஐம்பத்தொன்று என்று பதித்திருப்பதைக் கண்டுபிடித்தார். அளந்து பார்த்தால் உள்ளே முப்பத்திரண்டு பவுண்டுதான். அவர் தொழிலில் உலோகத்தில் பொறித்த எண்ணுக்கு மேல் அப்பீல் கிடையாது. கடைக்காரர் பத்தொன்பது பவுண்டு காற்றை ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டி, காலால் மிதிக்கிற பம்ப் ஒன்று வாங்கி, வேர்த்து விறுவிறுக்க நாலு சக்கரத்தையும் ஐம்பத்தொன்றுக்கு ஏற்றினார். மறுநாள் கார் ரயில்வே கேட்டில் ஏறியதும் வீட்டில் அவர் மேஜையைத் தாண்டிப் போய் விழுந்தார்.

சண்டை போடப் போனவரிடம் கடைக்காரர் எதிர்த்துப் பேசவில்லை. வெளியே வந்து, டாக்டரம்மா உட்கார்ந்திருந்த ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, கதவு மூடுகிற ஓரத்தில் ஒட்டியிருந்த சின்னக் காகிதத்தைக் காட்டினார்.

"டயர்ல இருக்கிறது, இதுக்கு மேல போனா நான் தாங்க மாட்டேன்னு டயர் சொல்ற எண்ணு சார். கார் எனக்கு இவ்வளவு போதும்னு சொல்றது இங்க இருக்கு. முப்பத்திரண்டு."

அந்தக் கதவை ஒன்பது வருஷத்தில் வாட்ச்காரர் ஒரு நாள்கூடத் திறந்ததில்லை. அவருக்கு ஓட்டத் தெரியாது. எப்போதும் மறுபக்கம்தான் ஏறுவார். அசடு வழிய நின்றார். டாக்டரம்மா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கழற்றிய பதினெட்டு அங்குலத்தை அண்ணன் தன் காரில் மாட்டிக்கொண்டார். கல்யாணம் ஆகாதவர், வீட்டில் அவர் வருகைக்குக் காத்திருக்க யாரும் இல்லை. குலுக்கலுக்குப் போக்கிடம் இல்லாமல் அது காரிலேயே தங்கிவிட்டது. ஒரே வாரத்தில் இரண்டு கடைவாய்ப் பல் ஆட்டம் கண்டன. அப்போதும் பார்க்க எடுப்பாக இருக்கிறது என்றுதான் சொன்னார்.

வாட்ச்காரரின் வீடு அமைதியானது. வாடிக்கைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். டாக்டரம்மா அறுபதில் பறந்தார். அந்தப் பருவத்தில் ஒரு கன்றுகூடத் தவறவில்லை. எல்லாம் கூடிவந்த பத்தாம் நாள், சாமணத்தைக் கையில் பிடித்தபடி வாட்ச்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார். மணி மூன்று. அவள் இப்போது எங்கே இருப்பாள் என்று அவருக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் இரட்டைக் குலுக்கல் வந்தால் ரயில்வே கேட், நீளமாக ஒரு உதறல் வந்தால் பால் பண்ணை, தெருமுனைக் குழியில் பின் இடது சக்கரம் மட்டும் இறங்குகிற அந்தச் செல்லக் குத்து வந்தால் எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்துவிடுவார். இப்போது ஒரு தகவலும் இல்லை. சாயங்காலம் டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனைவி அடுப்பைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தானே தண்ணீர் வைத்தார். அடுத்த நாளும் அப்படியே. சௌகரியமாக இருக்கிறோம், இருந்தும் ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று வாட்ச்காரருக்குத் தோன்றியது. இதைப் போய் வாய்விட்டு எப்படிச் சொல்வது? மூன்று மாதம் ஊரைக் கூட்டி அழுதவர் அவர்தானே.

ஞாயிற்றுக்கிழமை மனைவி குளிக்கப் போன நேரம், காலால் மிதிக்கிற பம்பை எடுத்துக்கொண்டு போய்ப் பின் இடது சக்கரத்தில் மட்டும் இரண்டு பவுண்டு ஏற்றினார். ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று அளக்கவில்லை; முப்பத்திரண்டு என்பது அவருக்குத்தான் மனப்பாடமாயிற்றே. ஐந்து நிமிடத்தில் உள்ளே வந்து கையைக் கழுவிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்கு, கார் தெருமுனைக் குழியில் இறங்கியதும், அவர் நாற்காலியோடு நேராக மேலே போய், கூரையைத் தலையால் முட்டி, அதே இடத்தில் வந்து உட்கார்ந்தார். உச்சியில் சுண்ணாம்பு. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்த டாக்டரம்மா அவர் தலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ, ரெண்டு பவுண்டுதாங்க வைக்கச் சொன்னேன். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தப்புறம் கடைப் பையன வாசலுக்கே வரச்சொல்லி வச்சுக்கிட்டேன்."

"நீயா? எதுக்கு?"

"எதுக்குன்னா? நான் வர்றது வீட்டுல யாருக்கும் தெரியலன்னா, எனக்கு எங்கியோ போற மாதிரியே இருக்குங்க."

வாட்ச்காரர் தலையைத் துடைத்துக்கொள்ளவில்லை. "நானும் ரெண்டு வச்சேன்" என்றார்.

யாராவது ஒருவர் இரண்டு பவுண்டை இறக்கிவிட வேண்டும் என்று அன்று பேசினார்கள். நீ இறக்கு என்று அவரும், நீங்க இறக்குங்க என்று மனைவியும் சொன்னதில் ஒரு வாரம் போனது. பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். நாலு பவுண்டு அதிகக் காற்றினால் அந்த ஒரு டயர் நடுவில் சீக்கிரம் தேய்கிறது, வருஷத்துக்கு ஒன்று மாற்றுகிறார்கள். டயர்க்கடைக்காரர் காரணம் கேட்பதில்லை. ஐந்தே நாற்பதுக்கு வாட்ச்காரர் ஹேர்ஸ்பிரிங்குகளை டப்பாவில் போட்டு மூடி, கண் லென்ஸைக் கழற்றி, ஒரு தலையணையை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறார். கடிகாரம் கொடுக்க யாராவது வந்திருந்தால், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், வீட்டுக்காரி வருகிற நேரம் என்கிறார். அவர்களும் நகர்ந்து உட்காருகிறார்கள்.