பிள்ளை அறைப் பல்பு

ராத்திரி மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அப்பாவிடமிருந்து இன்னும் போன் வரவில்லை. இதை நான் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்.

அக்கா தங்கச்செல்வி பிள்ளை பெற்று வந்ததிலிருந்து நானும் அவளோடு பின்னறையில்தான் படுக்கிறேன். ஜன்னலை அம்மா பழைய போர்வையால் அடைத்திருந்தாள். காற்று படக்கூடாது, கண் படக்கூடாது. தீட்டுக் கழிகிறவரை பிள்ளை அந்த அறையைத் தாண்டக்கூடாது. உள்ளே பகலும் தெரியாது, ராத்திரியும் தெரியாது. மஞ்சளாக ஒரு பல்பு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

அந்தப் பல்பை வாங்கியது நான்தான்.

பாளையம்பட்டியில் எங்கள் வீட்டின் முன்பக்கமே அப்பாவின் சேலைக் கடை. கடைக்கு மட்டும் விலை கூடின பல்புதான் போடுவார். "கரண்டத் தின்னாத் தின்னுட்டுப் போகுது, அரக்கு அரக்காத் தெரியணும்" என்பார். அப்படியும் திருப்திப்படாதவர்களுக்கு, சேலையை அவரே வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்துக் காட்டுவார். வீட்டுக்கு என்றால் வேறு பேச்சு.

"பிள்ள அறைக்கு ஒரு பல்பு வாங்கிட்டு வா, தாயி. நாள் பூராம் எரியும். கரண்டு கம்மியா இழுக்கறதாப் பாரு."

எலக்ட்ரிக் கடை மதன்குமார் அண்ணன் இரண்டை எரியவிட்டுக் காட்டினார்.

"இது ரொம்பக் கம்மியா இழுக்கும். வெளிச்சமும் குறையாது. ஆனா கலரு உள்ளபடி காட்டாது, எல்லாம் மஞ்சப் பூசுன மாதிரி இருக்கும். அது கூடுதலா இழுக்கும், கலரு பொய்யாகாது. சீலைக் கடைக்குத்தான?"

"இல்லண்ணே, பிள்ள படுக்கற அறைக்கு."

"அப்ப இதே போதும். பிள்ளைகிட்ட முந்தானைக் கலரா பாக்கப் போற."

நானும் சிரித்துக்கொண்டே அதை வாங்கி வந்தேன்.

இன்று மத்தியானம் கரண்டு போனது. பிள்ளைக்குத் துணி மாற்றுவதற்காகப் போன் டார்ச்சை அடித்தேன். பிள்ளை முகம் மஞ்சளாக இருந்தது. என் உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கை கையாகத்தான் இருந்தது. பிள்ளை மட்டும்தான் மஞ்சள். காலையிலிருந்து அவன் சரியாகப் பால் குடிக்கவும் இல்லை.

அம்மாவைக் கூப்பிடுவதற்குள் கரண்டு வந்துவிட்டது. பிள்ளை, அக்கா, சுவர், என் கை எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன.

"அம்மா, பிள்ள மஞ்சளா இருக்கான்."

"வாயக் கழுவுடி. டார்ச்சுல பாத்தா நீயுந்தான் பேய் மாதிரி இருப்ப."

"பாலு குடிக்கலயே."

"பச்சப்புள்ள தூங்கத்தான் செய்யும். நீ நாலு பெத்தவ, எனக்குச் சொல்ல வந்துட்ட."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா நகர்ந்ததும், "நெசமாவாடி?" என்று மெல்லக் கேட்டாள்.

ராத்திரி கடையடைத்துவிட்டு அப்பா சாப்பிட உட்கார்ந்தார்.

"அப்பா, சீலைய வாசல்ல கொண்டுபோய்க் காட்டுவீகள்ல. பிள்ளையையும் ஒருக்கா வாசல்ல வச்சுப் பாப்போம்."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சோற்றைத் தட்டில் வைத்தாள். "தீட்டுக் கழியாத பிள்ளைய வாசலுக்குக் கொண்டு போவாகளா?"

"இப்ப வெயிலுக்கு எங்க போக. விடியட்டும், தாயி" என்றார் அப்பா.

திரும்ப அந்த அறைக்குள் வந்து படுத்தேன். பிள்ளை அழக்கூட இல்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜன்னலில் போர்வை, கதவுக்கு வெளியே அம்மா, நடுவில் நான் வாங்கிய பல்பு. விடிகிறவரை பொறுக்க முடியும் என்று தோன்றவில்லை. வெயில் இல்லாவிட்டால் என்ன, கடையில் விளக்கு இருக்கிறதே.

எழுந்து கடைக்குப் போனேன். ஸ்டூல் மேல் ஏறி, அப்பா பட்டு விரிக்கிற இடத்துக்கு மேலே இருந்த பல்பைக் கழற்றினேன். கொண்டுவந்து அறையில் மாட்டுவதற்குள் ஸ்டூல் சத்தம் கேட்டு அம்மா வந்துவிட்டாள்.

"யாவாரம் பண்ற லைட்டத் தீட்டு அறைக்குள்ள கொண்டாந்துட்டியேடி. அதத் திரும்பக் கடையில மாட்ட முடியுமா?"

நான் பல்பை மாட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டேன்.

அம்மாவின் சேலை பச்சையாகத் தெரிந்தது. அக்காவின் உதடு வெளிறித் தெரிந்தது. பிள்ளைக்கு நெற்றி, நெஞ்சு, வயிறு எல்லாம் மஞ்சள். அக்கா அவன் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணுக்குள்ளும் மஞ்சள்.

அப்பா நிலைப்படியில் வந்து நின்றார். துணியைப் பார்ப்பதுபோல் குனிந்து, பிள்ளை மூக்கை விரலால் லேசாக அழுத்தி எடுத்தார். அழுத்திய இடமும் மஞ்சளாகத்தான் இருந்தது.

"துண்டு எடு. செல்வி, கிளம்பு."

"தீட்டு..." என்றாள் அம்மா.

"சும்மா இரு, பொன்னுத்தாயி."

பிள்ளையோடு அப்பாவும் அக்காவும் பக்கத்து வீட்டு ஆட்டோவில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இதோ போன் வந்துவிட்டது.

"மஞ்சக்காமாலையாம், நீல லைட்டுக்குக் கீழ போட்ருக்காக, தாயி. கண்ணக் கட்டிருக்காக. விடிய விடிய எரியணுமாம்."

"சரியாயிருமாப்பா?"

"காலையில திரும்ப ரத்தம் பாத்துட்டுத்தான் சொல்லுவாகளாம்." பிறகு, "நாந்தான கம்மியா இழுக்கறதாப் பாருன்னேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதைக் கேட்டும் எனக்கு மனசு ஆறவில்லை. கலரை உள்ளபடி காட்டாது என்று மதன்குமார் அண்ணன் சொன்னது என்னிடம்தானே.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் அறைக்குள் போய் ஜன்னல் போர்வையைப் பிடுங்கினாள். வெளியே கும்மிருட்டு. அம்மா கம்பியைப் பிடித்தபடி, அந்தப் பக்கம் விடிந்துவிடும் என்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.